எஸ்யூவிக்கு மாற்று டயர்: வரி குறைந்தது, தேர்வு எளிதாகவில்லை

புதுடெல்லி: நாட்டில் விற்பனையாகும் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்போது எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்களே. இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கத்தின் (சியாம்) கணக்கின்படி, 2024-25 நிதியாண்டில் விற்பனையான சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறக்குறைய 28 லட்சம் இந்த வகையைச் சேர்ந்தவை. சேற்றிலும் மணலிலும் பாறையிலும் இறங்கி ஏறும் திறனுள்ள நான்கு சக்கர இயக்க வண்டிகள் இவற்றில் சிறு பகுதிதான். ஆனால், 2020-ல் புதிய வடிவில் வந்த மகிந்திரா தார், 2023-ல் வந்த மாருதி சுஸுகி ஜிம்னி ஆகியவற்றுக்குப் பிறகு அந்தச் சிறு பகுதியும் கவனிக்கத்தக்க சந்தையாகிவிட்டது. தொடக்க ஆண்டுகளில் வாங்கப்பட்ட வண்டிகளில் பலவற்றுக்கு முதல் செட் டயர் தேய்ந்து, மாற்ற வேண்டிய காலமும் வந்துவிட்டது.

இந்த வேளையில்தான் டயர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த இந்தக் குறைப்பின் பலன் முழுவதும் வாங்குபவரைச் சென்றடைந்தால், வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள டயர் 12,800 ரூபாய்க்குப் பதிலாக 11,800 ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர் மாற்றுபவருக்கு 5,000 ரூபாய் மிச்சம். இந்த மிச்சத்தைப் பெரும்பாலானோர் சேமிப்பாகக் கருதுவதில்லை. சற்றுப் பெரிய டயர், சற்று முரட்டுத் தோற்றமுள்ள டயர் என்று அடுத்த படிக்குத் தாவுவதற்கான வாய்ப்பாகவே பார்க்கின்றனர். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொழிற்சாலை தரும் டயர் யாருக்காக?

புதிய வண்டியுடன் வரும் டயரை வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை. உற்பத்தி நிறுவனம் பல கணக்குகளைப் பார்த்து அதை முடிவு செய்கிறது. விலையும் சத்தமும் அவற்றில் அடங்கும். மற்றொரு முக்கியக் கணக்கு எரிபொருள் சிக்கனம். நிறுவனங்கள் விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்துக்கு வரம்பு விதிக்கும் 'காஃபே' விதிமுறை 2017-18-ல் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று தொடங்கி, 2022-23-ல் 113 கிராமாக இறுக்கப்பட்டது. கனமான எஸ்யூவிகளை அதிகம் விற்கும் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம். ஆகவே, சாலையில் உருளும்போது குறைந்த எதிர்ப்பைத் தரும் டயர்களின் பக்கம் அவை சாய்வது இயல்பே.

இதன் விளைவு சில நேரம் விசித்திரமாக இருக்கிறது. ஏணிச் சட்டம், தாழ்வேகக் கியர் வசதி என்று காட்டுப் பாதைக்கான எல்லாக் கருவிகளையும் கொண்ட ஜிம்னி, 195/80 ஆர்15 அளவில் நெடுஞ்சாலைக்கான எச்/டி வகை டயருடன் விற்பனைக்கு வந்தது. தாரின் மேல்நிலை வகையோ 255/65 ஆர்18 அளவில் எல்லாத் தரைக்குமான ஏ/டி வகை டயருடன் வந்தது. இரண்டில் ஒன்று தவறு என்று சொல்வதற்கில்லை. வண்டியின் பெரும்பகுதி ஓட்டம் எங்கே என்பதில் இரு நிறுவனங்களின் அனுமானம் வேறு, அவ்வளவுதான். மாற்று டயர் வாங்கும் நாளில் அந்த அனுமானத்தைத் தன் ஓட்டத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் உரிமை உரிமையாளரிடம் வருகிறது.

சந்தையில் மூன்று வகைகள் உள்ளன. எச்/டி என்பது தார்ச்சாலைக்கு. எம்/டி என்பது சேற்றுக்கு. கடைகளில் 'மட் டயர்' என்று கேட்டால் கிடைப்பது இதுதான். இரண்டுக்கும் நடுவே ஏ/டி. அகலமான இடைவெளிகளுடன் கட்டை கட்டையாக நிற்கும் எம்/டி டயரின் பட்டன், குடகிலும் வயநாட்டிலும் மழைக்காலச் செம்மண் சேற்றை வாரி வெளியே எறிந்து பிடிப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். அதே இடைவெளிகள் தார்ச்சாலையில் பாதகமாக மாறுகின்றன. தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. நீரை வெட்டி விலக்கும் நுண்கீறல்களும் பொதுவாக இவற்றில் குறைவு. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் நீள்கிறது. இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடுகின்றன. ஆனால், கடைக்காரரிடம் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது இரைச்சலையும் மைலேஜையும் பற்றித்தான். ஈரச் சாலையில் நிற்கும் தூரத்தைப் பற்றி அல்ல.

வார இறுதியில் ஒரு முறை சேற்றில் இறங்கி, மற்ற நாட்களில் அலுவலகத்துக்கும் ஊருக்கும் ஓடும் வண்டிக்கு எம்/டி டயர் பொருந்தாது என்பதே பொதுவான தொழில்நுட்பக் கருத்து. எஸ்டேட் வேலை, வனத்துறைப் பணி, தொடர்ந்து காட்டுப் பாதை ஓட்டம் ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். எஞ்சியோருக்கு மிதமான ஏ/டி டயர் போதும். மண் சாலையையே காணாத எஸ்யூவிகளும் நகரங்களில் ஏராளம். அவற்றுக்கு நல்ல எச்/டி டயரே பாதுகாப்பானது என்பதைச் சொல்லக் கடைகளில் ஆளில்லை. பெரிய டயரில்தான் லாபமும் பெரிது.

நாட்டின் நிலப்பரப்பும் ஒரே விடையைத் தருவதில்லை. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மணல் மேடுகளில் எம்/டி டயரின் கட்டைகள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடக்கூடும். அங்கே காற்றழுத்தத்தைக் குறைத்து டயரைத் தட்டையாக்கினால் சாதாரண டயரே மணல்மேல் மிதந்து செல்லும். திரும்பி வந்ததும் மீண்டும் காற்றை நிரப்பக் கையடக்கப் பம்ப் ஒன்று இருந்தால் போதும். லடாக்கின் கூர்மையான கற்களுக்குப் பட்டனைவிடப் பக்கச்சுவரின் வலிமையே முக்கியம். பக்கச்சுவரில் கிழிந்த டயருக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. ரோதங் பகுதியின் குளிர்காலப் பனியிலும் உறைபனியிலும் முரட்டு எம்/டி டயர் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. குளிரில் அதன் ரப்பர் இறுகிவிடுவதால் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையைப் பக்கச்சுவரில் தாங்கிய டயர்களே பனிப் பிடிப்புச் சோதனையில் தேறியவை. உறைபனியில் அதற்கும் மேலாகச் சக்கரச் சங்கிலி வேண்டும்.

அளவு மாறினால் மாறுபவை

டயரின் வகையைவிடப் பெரிய பிழைகள் அளவில் நேர்கின்றன. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். பலர் நாடும் 215/75 ஆர்15 அளவில் அது சுமார் 704 மில்லிமீட்டர் ஆகிறது, வேறுபாடு 1.5 சதவீதம்தான். இன்னும் ஒரு படி ஏறி 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 மில்லிமீட்டரைத் தாண்டி, வேறுபாடு 6 சதவீதத்தை நெருங்குகிறது. வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் கிட்டத்தட்ட 106 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவதும் சுமை. பிரேக்குக்கு அதை நிறுத்துவதும் சுமை. ஸ்டெப்னியைப் பின்கதவில் தாங்கும் ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் கூடுதல் எடை நேராகக் கதவின் கீல்களில் இறங்கும். இது கடையில் எவரும் சொல்லாத செய்தி. சில மாதங்களில் கதவின் கிறீச்சொலி அதைச் சொல்லிவிடும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முன்னும் பின்னும் டயர்களின் சுற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும். பழைய இரண்டு, புதிய இரண்டு என்று கலந்து போட்டு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று இயக்கத் தொகுதியில் இறுக்கம் ஏறும். பழுதுபார்க்கும் செலவு ஒரு செட் டயரின் விலையைத் தாண்டிவிடக்கூடும். ஐந்தையும் ஒன்றாக மாற்றி, ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்வதே நீண்ட காலத்தில் மலிவு.

சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. அதே வண்டியின் வேறு வகைகளுக்கு நிறுவனமே தரும் அளவைப் பொருத்துவதில் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. சக்கர வளைவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. அபராதத்தைவிடக் கனமான ஆபத்து காப்பீட்டில் உள்ளது. அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்து இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ காப்பீட்டு நிறுவனத்துக்கு அது வழி திறந்துவிடுகிறது.

டயர் தேய்ந்ததா என்பதிலும் சட்டம் வேறு, பாதுகாப்பு வேறு. கார் டயரின் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால், 3 மில்லிமீட்டரை நெருங்கும்போதே மழைநீரை விலக்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் சம்ருத்தி விரைவுச் சாலையில் டயர் வெடித்து விபத்துகள் நேர்ந்ததையடுத்து, 2023-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்து அதிகாரிகள் நுழைவாயில்களிலேயே டயர்களைச் சோதித்து, மொட்டை டயருடன் வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினர். இத்தகைய சோதனை விரைவுச் சாலைகளில் இன்னும் விதிவிலக்காகவே இருக்கிறது. 2022-ல் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்த நாட்டில் அது வழக்கமாகியிருக்க வேண்டும்.

கிடைப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. 2020 ஜூனில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் புதிய டயர்கள் பலவற்றின் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன்பின் உரிமம் இன்றி அவற்றை இறக்குமதி செய்ய இயலாது. உள்நாட்டு ஆலைகளுக்கு இது பாதுகாப்பு. அதிகம் விற்காத அளவுகளில் டயர் தேடுவோருக்கோ காத்திருப்பும் கூடுதல் விலையும்தான் பலன். மெதுவாக விற்கும் அளவுகள் கடையில் நெடுநாள் கிடக்கவும் கூடும் என்பதால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்ப்பது அவசியம். 3225 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். அளவை அடுத்து அச்சிடப்பட்டிருக்கும் சுமைக் குறியீடும் வேக எழுத்தும் பழைய டயரில் உள்ளதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுமைக் குறியீடு 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 'எஸ்' என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை.

இவ்வளவையும் பார்த்த பிறகும், மழையில் எந்த டயர் சீக்கிரம் நிற்கும் என்ற கேள்விக்குக் கடையில் விடை கிடைப்பது அரிது. ஈரப்பிடிப்பு, உருளல் எதிர்ப்பு, ஒலி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளை நிர்ணயிக்கும் ஏஐஎஸ்-142 தரநிலையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கும் அடுத்த ஆண்டு முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கும் கட்டாயமாக்கியது. தரமற்ற டயர்களை வடிகட்ட அது உதவும். ஆனால், தேறிய இரு டயர்களில் எது மேல் என்பதை அது வாங்குபவருக்குச் சொல்வதில்லை. எரிசக்தித் திறன் வாரியத்தின் நட்சத்திரக் குறியீடு எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதலே ஈரப்பிடிப்பின் தரம் எழுத்து வரிசையில் டயருடன் அச்சிட்டு வழங்கப்படுகிறது; 2021 மே மாதம் முதல் பனிப் பிடிப்புக்கான குறியும் அதில் சேர்ந்துள்ளது. இங்கே சோதனை நடந்து, அளவீடும் கிடைக்கிறது. அதை வாங்குபவருக்குக் காட்டும் கட்டாயம்தான் இல்லை.

காஃபே விதிமுறையின் மூன்றாம் கட்டத்தை 2027 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தத் திட்டமிடப்பட்டுள்ளது. வெளியேற்ற வரம்பு இறுகும்போது குறைந்த உருளல் எதிர்ப்புள்ள டயர்களையே நிறுவனங்கள் இன்னும் அதிகமாகப் பொருத்தும். சிக்கனத்தைக் கூட்டும்போது ஈரப்பிடிப்பைக் குறையாமல் வைத்திருக்கச் சிலிக்கா கலந்த, விலை கூடிய ரப்பர் கலவை வேண்டும். அதற்கு எந்த நிறுவனம் செலவு செய்திருக்கிறது என்பதை, ஈரப்பிடிப்பு எண் டயரின் மேல் அச்சிடப்படும் வரை, வாங்குபவர் முதல் மழையில் பிரேக்கை மிதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.