"டர்போ போயிருச்சு சார்" என்பது பதில் ஆகாது

வண்டி இழுக்கவில்லை என்று டீசல் காரைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டால், இப்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. "டர்போ போயிருச்சு சார், மாத்தணும்." சில இடங்களில் பானெட்டை முழுசாகத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று போனவரின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் "ஹார்ட்டை மாத்திடலாம்" என்று ஒரு டாக்டர் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவோம். கார் விஷயத்தில் மட்டும் நம் ஆட்கள் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 32 வருஷம் டீசல் என்ஜின்களோடு வாழ்ந்தவன் நான். பஸ் வேறு, கார் வேறுதான். ஆனால் டீசல் என்ஜின் மூச்சு விடுகிற விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் டர்போ என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். என்ஜினில் இருந்து வெளியே வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் அதிக டீசலை முழுசாக எரிக்கலாம். சின்ன என்ஜினே பெரிய என்ஜின் மாதிரி இழுக்கும். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நம் ஊர்த் தெருக்களில் ஓடும் பழைய டீசல் கார்களில் ஏராளமானவற்றில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பல கம்பெனிக் கார்களில் இருந்ததால் இதை "இந்தியாவின் தேசிய என்ஜின்" என்றே வண்டிப் பிரியர்கள் கேலியாகச் சொல்வார்கள். நல்ல என்ஜின். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. ஆகவே பென்ஷன் பணத்தில் வாங்கிய டீசல் வண்டியை வைத்திருப்பவர், அதே மாதிரி புதுசு ஒன்றைப் போய் வாங்க முடியாது. இருக்கிறதைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த "டர்போ போயிருச்சு" வருகிறது.

டர்போவில் இருந்து என்ஜின் வரைக்கும் காற்று போகிற வழியை ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர், அங்கிருந்து ஒரு குழாய், டர்போ, மறுபடி ரப்பர் ஹோஸ், காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், இன்னொரு ஹோஸ், பிறகு என்ஜின். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கிளாம்ப். டர்போ எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்றாலும் கொடுக்கட்டும். நடுவில் ஒரு ஹோஸ் விரல்நீளம் கிழிந்திருந்தால் காற்று அங்கேயே வெளியே போய்விடும். சைக்கிள் பம்பு நன்றாக இருந்தும் டியூபில் ஓட்டை இருந்தால் டயர் நிற்குமா? அப்போது பம்பை மாற்றுவீர்களா, டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவீர்களா?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வாரம் ஒருமுறை மனைவியை சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டிய நிலைமை. திடீரென்று கார் மேடு ஏறவில்லை, கறுப்புப் புகை தள்ளியது. காரைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் டர்போ மாற்ற ரூ.48,000 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அட்வான்ஸும் கேட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "ஏனுங்க, மாசப் பென்ஷனே அவ்வளவு வராதுங்களே" என்றார். எனக்குத் தெரிந்த சங்ககிரிப் பக்கத்து லாரி மெக்கானிக் தம்பியை வரவழைத்தோம். அவன் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினான். ஆயில் ஈரம், கூடவே ஒரு கிழிசல். புது ஹோஸும் இரண்டு கிளாம்பும் சேர்த்து ரூ.1,900. அதே டர்போவோடு அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

அந்தத் தம்பி பார்த்தது மந்திரம் ஒன்றும் இல்லை. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். அதற்கு ஹோஸ் கிழிசல், அடைத்த ஏர் ஃபில்டர், மூடாமல் மாட்டிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு என்று பல காரணம் உண்டு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; அப்போது டர்போவைச் சந்தேகப்பட நியாயம் உண்டு. புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் டர்போவின் உள் இதழ்களை அசைப்பது வேக்கம். அதற்குப் போகும் பென்சில் கனமுள்ள ரப்பர் குழாய் வெப்பத்தில் வெடித்திருந்தாலே இழுவை போய்விடும். அந்தக் குழாயின் விலை ஒரு ஓட்டல் சாப்பாட்டு விலைதான்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை போய், ஓரங்கட்டி ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் கம்ப்யூட்டர் ஏதோ கணக்குத் தப்புவதைப் பார்த்து, என்ஜினைக் காப்பாற்றத் தானே சக்தியைக் குறைத்திருக்கிறது. கரி படிந்து இதழ் சிக்குவது, சென்சார் அழுக்காவது போன்றவற்றில் இப்படி நடக்கும். உடைந்து போன டர்போ சாவியைத் திருப்பியதும் ஒட்டிக்கொள்ளாது.

"நாங்க ஸ்கேனர் போட்டுப் பார்த்தோமே சார்" என்பார்கள். ஸ்கேனரில் வருவது பெரும்பாலும் பி0299 என்ற எண். அதன் பொருள் "எதிர்பார்த்த அளவு காற்றழுத்தம் வரவில்லை" என்பது மட்டுமே. ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. தெர்மாமீட்டர் 102 காட்டினால் அது காய்ச்சல். டைஃபாய்டா மலேரியாவா என்று தெர்மாமீட்டரா சொல்லும்? எண்ணை அழித்துவிட்டு வண்டியைக் கையில் கொடுப்பது அதைவிட மோசம். விளக்கு அணையும், இரண்டு நாளில் திரும்ப எரியும்.

அடுத்த வித்தை விரலில் ஆயிலைத் தொட்டுக் காட்டுவது. குழாயைக் கழற்றி, உள்ளே தடவி, "பாருங்க, டர்போ ஆயில் கக்குது" என்பார்கள். என்ஜினின் உள்ளே இருந்து வரும் ஆயில் ஆவி, டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில்தான் சேர்கிறது. அதனால் பல டீசல் வண்டிகளில் அந்த வழி முழுக்க மெல்லிய ஆயில் பூச்சு இருக்கத்தான் செய்யும். குளம் கட்டி நின்றால் கவலைப்பட வேண்டும். ஈரம் இருந்தாலே டர்போ செத்துவிட்டது என்றால் நாட்டில் ஒரு டர்போவும் உயிரோடு இருக்காது.

அதேபோல் விசிறியை விரலால் பக்கவாட்டில் ஆட்டி, "ஆடுது பாருங்க" என்பார்கள். ஆயில் படலத்தில் மிதக்கிற தண்டு, ஆயில் அழுத்தம் இல்லாதபோது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். முன்னும் பின்னும் நன்றாக ஆடினாலோ, இறக்கை கூட்டில் உரசினாலோ, இறக்கை நுனி உடைந்திருந்தாலோ அப்போது டர்போ போய்விட்டது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். "சார், அரை நாள் தேடிக் கண்டுபிடிச்சு ரூ.500 குழாயை மாத்தினா, கஸ்டமர் அந்த அரை நாள் கூலியைத் தர மாட்டாரு. டர்போ மாத்தினா பேசாம தருவாரு" என்றார் ஒருவர். உண்மைதான். கண்டுபிடிக்கிற மூளைக்கு நம் ஊரில் விலை இல்லை, மாட்டுகிற பொருளுக்குத்தான் விலை. டாக்டருக்குப் பார்க்கும் கட்டணம் தருகிற நாம், மெக்கானிக் தேடிப் பார்ப்பதற்கும் கூலி தரத்தான் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், தருகிறோம். ஆனால் கூலி கிடைக்காது என்பதற்காக நல்ல பாகத்தைக் கழற்றி எறிய உங்களுக்கு உரிமை கிடையாது.

சரி, டர்போ நிஜமாகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கேள்வி அப்படியே நிற்கிறது: ஏன் போச்சு? மேலே சொன்ன ஆயில் படலத்தை நினைத்துப் பாருங்கள். ஆயில் கெட்டியாகிக் கரியானால், டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாய் அடைபடும். தண்டு காய்ந்து தேயும். திரும்பிப் போகிற குழாய் அடைபட்டால் ஆயில் தேங்கி சீல் வழியாக வெளியே தள்ளும். ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமல் தூசி உள்ளே போனால் இறக்கை அரிபடும். இந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புது டர்போ மாட்டினால், அதுவும் அதே வழியில் சாகும். புதுசு மாட்டும்போது ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் புதுசு. ஆயில் குழாய் சுத்தம் அல்லது புதுசு. உடைந்த துண்டோ ஆயிலோ இன்டர்கூலரில் தங்கியிருந்தால் அதையும் கழுவ வேண்டும். இதையெல்லாம் பில்லில் காணோம் என்றால், அடுத்த டர்போவுக்கும் இப்போதே பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம்.

குறுக்கு வழிகளையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டாங்கில் ஊற்றினால் டர்போ சுத்தமாகும் என்று ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். கிழிந்த ஹோஸை எந்த பாட்டிலும் தைக்காது. "இ.ஜி.ஆரை அடைச்சிடலாம், புகை ஃபில்டரை வெட்டி எடுத்திடலாம்" என்பார்கள். அது சட்டப்படியும் தவறு, பின்னால் வருகிறவர்களின் நுரையீரலுக்கும் கேடு. கோளாறைச் சரிசெய்யச் சொன்னால் கோளாறு காட்டுகிற உறுப்பையே வெட்டுகிற வைத்தியம் அது.

வண்டி வைத்திருப்பவர்களும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றாமல் லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியது என்று இரண்டு வருஷம் ஆயில் மாற்றாதவர்கள் உண்டு. ஓடாமல் நின்றாலும் ஆயில் கெடும் ஐயா. அதனால்தான் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்த கையோடு சாவியைத் திருப்பி ஆஃப் செய்வார்கள். கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று அங்கேயே கரியாகும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

இழுவை குறைந்த வண்டியைச் சமாளித்து ஓட்டுகிறவர்களுக்கும் எச்சரிக்கை. தொப்பூர் கணவாயில் தருமபுரி பக்கம் ஏறும்போது, லாரியைத் தாண்டப் பாதி தூரம் போன இடத்தில் இழுவை விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நீலப் புகை தள்ளினால் ஓட்டவே ஓட்டாதீர்கள். டர்போ சீல் போய் ஆயில் என்ஜினுக்குள் இறங்கினால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் கத்திக்கொண்டு ஓடும். கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு கிளட்சை விட்டு அடக்க வேண்டியிருக்கும். அந்த நிலைமை வரைக்கும் போகக் கூடாது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை "டர்போ போயிருச்சு சார்" என்று யாராவது சொன்னால், பயப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். ஹோஸ், கிளாம்ப், வேக்கம் குழாய் எல்லாவற்றிலும் கசிவு சோதித்தீர்களா? ஓட்டும்போது ஸ்கேனரில் வர வேண்டிய அழுத்தம் எவ்வளவு, வந்த அழுத்தம் எவ்வளவு? டர்போவைக் கழற்றினால் பழசை என் கண்ணில் காட்டி, எது உடைந்தது என்று சொல்வீர்களா? எதனால் உடைந்தது, அதைச் சரிசெய்ய பில்லில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்படுவார். நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்குவார். அவருக்குத் தேடின கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் இருந்து சாவியை வாங்கிக்கொண்டு நேரே அடுத்த பட்டறைக்குப் போங்கள். சேலத்தில் பட்டறைக்கா பஞ்சம்?