ஆஸ்பத்திரிக்கு அரியர் இருக்கா?

காலேஜுக்கு மார்க் போடச் சொன்னா நாம எப்பவும் ரெடி. 'கேன்டீன் ஓ.கே., பிளேஸ்மென்ட் சுமார், ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பைத் தேடணும்...'னு ஒரே மூச்சில் ரிப்போர்ட் கார்டு கொடுத்துடுவோம். அந்த ஒரு மூச்சுக்காகவே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஆட்டோ தேடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேருகிற ஆஸ்பத்திரிக்கு மார்க் போட முடியுமா பாஸ்? முடியும்னா, எந்த சப்ஜெக்ட்டில்?

அமெரிக்காவில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அங்கே மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் 'ஜாயின்ட் கமிஷன்' என்ற அமைப்பு, ஆஸ்துமாவோடு அட்மிட் ஆகும் குழந்தைகளுக்காக மூன்றே மூன்று கேள்விகளை வைத்தது. மூச்சுக்குழாயை உடனே திறக்கும் மருந்து கொடுத்தீங்களா? வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தீங்களா? வீட்டுக்கு அனுப்பும்போது, 'இனிமே இதை இப்படிப் பண்ணுங்க'ன்னு எழுதிக் கையில் கொடுத்தீங்களா? அவ்வளவுதான் கொஸ்டின் பேப்பர்.

30 குழந்தைகள் மருத்துவமனைகள், 2008 முதல் 2010 வரை, 37,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். ரிசல்ட் 2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. முதல் இரண்டு கேள்விகளில் ஏறக்குறைய எல்லோரும் சென்டம் பக்கம்! எல்லோரும் பாஸ் என்றால் அந்தக் கேள்வியால் யாரையும் எடை போட முடியாது இல்லையா? மூன்றாவதில்தான் சுவாரஸ்யம். ஆரம்பத்தில் 41 சதவிகிதமாக இருந்தது, கடைசியில் 73-க்கு ஏறியது. செம முன்னேற்றம்தானே... அப்போ குழந்தைகள் திரும்ப அட்மிட் ஆவது குறைஞ்சிருக்கணுமே? 7 நாள், 30 நாள், 90 நாள் என்று மூன்று கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். மார்க் அதிகம் வாங்கிய ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகள் திரும்ப வராமல் இருப்பதற்கும் குறிப்பிடும்படியாக எந்தத் தொடர்பும் இல்லை.

ஷாக் ஆகாதீங்க. இது நமக்குத் தெரிஞ்ச கதைதான். ரெக்கார்டு நோட்டில் சார் கையெழுத்து போட்டுட்டா எக்ஸ்பெரிமென்ட் தெரியும்னு அர்த்தமா என்ன? டிஸ்சார்ஜ் அவசரத்தில் ஒரு பேப்பரைக் கையில் திணித்தாலும் அங்கே 'டிக்' விழும். ஓர் அரைமணி நேரம் உட்கார வைத்து, இன்ஹேலரை அழுத்திக் காட்டி, 'நீங்க ஒரு தடவை செஞ்சு காமிங்கம்மா' என்று கேட்டாலும் அதே ஒரு 'டிக்'தான். பிற்பாடு அந்த மூன்று கேள்விகளையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

அப்போ எதைத்தான் அளப்பது? என் ஓட்டு அரியருக்கு. அதாவது, வீட்டுக்குப் போன பிள்ளை அதே இழுப்போடு எத்தனை நாளில் திரும்ப வருது என்பதற்கு. அம்மாவுக்கு வேண்டியதும் அதுதானே? 'நெபுலைசர் எத்தனை நிமிஷத்தில் வெச்சாங்க' என்பது முக்கியம்தான், உயிர் விஷயம். ஆனா அடுத்த வாரமும் அதே பெட்டில் வந்து படுத்தால்?

இதிலும் ஒரு தில்லாலங்கடி உண்டு. பத்தாம் வகுப்பில் நூறு சதவிகித ரிசல்ட் காட்ட, ஒன்பதாவதிலேயே வீக் ஸ்டூடன்ட்ஸுக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் ஸ்கூல்களை நாம் பார்த்திருக்கிறோம். அரியரை மட்டும் எண்ணினால், சீரியஸ் கேஸையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டு, 'எங்க வார்டு கிளீன்' என்று உட்கார்ந்துவிடலாம். எனவே, அனுப்பிய கேஸும் அனுப்பிய இடத்தின் கணக்கில் வரவேண்டும்.

இன்னொரு சிக்கல்தான் நம்ம ஏரியாவுக்கே ஸ்பெஷல். வார்டில் மூச்சு சரியாகி வீட்டுக்குப் போகும் பிள்ளை எந்தக் காற்றுக்குத் திரும்பிப் போகிறது? சென்னைத் துறைமுகத்தில் கொட்டி அள்ளிய நிலக்கரித் தூசு ராயபுரம் வீடுகளுக்குள் படிந்த காலம் ஒன்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் போட்ட உத்தரவால் அந்த நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. ராயபுரத்துக்கு நிம்மதி... எண்ணூருக்கு? எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது, மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை இருக்கிறது. 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியது எல்லா சேனலிலும் வந்தது. தினமும் இரண்டு, மூன்று பேராக இழுப்போடு வரும் பிள்ளைகள் எந்த சேனலிலும் வருவதில்லை.

இந்த நிலைமையில் திரும்ப வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸ்டான்லி டாக்டரை ஃபெயில் ஆக்கினால் அது அநியாயம். காற்றின் மார்க்கையும் சேர்த்து அவர் தலையில் கட்டுவதாகிவிடும். இதைப் பிரித்துப் பார்க்க முடியுமா என்றால், முடியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே இருந்த இரும்பு ஆலை 1986 ஆகஸ்டில் மூடி, 1987 செப்டம்பரில் திரும்பத் திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் (டாக்டர்கூடக் கிடையாது!) உள்ளூர் ஆஸ்பத்திரிகளின் அட்மிஷன் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா போன்றவற்றுக்காக அட்மிட் ஆன குழந்தைகள், மூடிக்கிடந்த குளிர்காலத்தைப் போல 2 முதல் 3 மடங்கு. 1989-ல் அதை வெளியிட்டார். ஆஸ்பத்திரி நோட்டுப் புத்தகமே ஊர்க் காற்றின் மார்க் ஷீட் ஆகிவிட்டது.

சரி, நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்கு மார்க்கே கிடையாதா? இருக்கு. தேசியத் தர உறுதித் திட்டம் 2013-லிருந்து அரசு மருத்துவமனைகளை எடை போடுகிறது. குழந்தைகள் பிரிவுக்கென்றே 2021-ல் 'முஸ்கான்' திட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் ஆஸ்துமாவில் நம் கோட்டை விடும் இடம் வார்டுக்கு ரொம்ப முன்னாடியே வந்துவிடுகிறது. இந்தியாவில் 9 நகரங்களில் எடுத்து 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று: இழுப்பு இருந்தவர்களில் 82 சதவிகிதம் பேருக்கு 'இது ஆஸ்துமா' என்று யாருமே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவில்லை. தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்தவர்கள் 2.5 சதவிகிதத்துக்கும் கீழே!

'ஆஸ்துமாலாம் இல்ல சார், லேசா வீசிங்'. 'பம்ப்பு வேணாம்மா, பழகிடும், சிரப்பே குடுங்க'. 'பொம்பளப் புள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?' - இந்த மூன்று டயலாக்கும் நீங்கள் கேட்டதுதான். இன்ஹேலர் பழக்கம் ஆகிவிடாது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் சிரப்பைவிடக் கொஞ்சம் அளவே போதும். ஆனா அதை யாராவது உட்கார்ந்து சொல்லணுமே. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2005-ல் அடிக்கடி வரும் ஆஸ்துமாப் பிள்ளைகளின் வீட்டுக்கே ஆள் அனுப்ப ஆரம்பித்தது. மருந்தைச் சொல்லிக்கொடுத்து, ஈரச்சுவர், கரப்பான், தூசு வரைக்கும் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் அட்மிஷன் 85 சதவிகிதம் குறைந்தது. (ரொம்ப மோசமாக இருக்கும்போது சேர்க்கிற பிள்ளைகள் தானாகவும் கொஞ்சம் தேறும், அதையும் கழித்துத்தான் பார்க்கணும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மக்கள் சண்டைக்கு வராதீங்க!)

செலவா? கேப் டவுனில் 1999-ல் டாக்டர் ஹெதர் சார் குழுவினர் செய்ததைக் கேளுங்க. இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசருக்குப் பதிலாக 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, இடைவெளியை அடைத்துக் கொடுத்தார்கள். கடையில் வாங்கியதற்குச் சமமாகவே அது வேலை செய்தது. (டாக்டர் அளவு பார்த்துச் செய்து தர வேண்டும், நீங்களே ஹாஸ்டல் ரூமில் ஆராய்ச்சி பண்ண வேண்டாம்.)

தியாகராயாவிலும் பாரதி மகளிரிலும், இன்னும் எங்கெங்கோ 'புராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லை'ன்னு சுற்றுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஹெச்.ஓ.டி. கையெழுத்தோடு ஓர் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் முறைப்படி அனுமதி கேளுங்கள். பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். வந்த தேதி, திரும்ப வந்த தேதி, இன்ஹேலரைச் செய்துகாட்டச் சொன்னார்களா, அப்புறம் பின்கோடு. 600013 ராயபுரம், 600019 திருவொற்றியூர், 600057 எண்ணூர். ஒரு வருஷக் கணக்கு போதும். முதல் தடவை அனுமதி கிடைக்காது, ரெண்டாவது தடவையும் போங்க.