நாய்ப் படத்துக்கு நம் பணமா?

ஒரு கைலியில் பத்து ரூபாய் நிற்குமா என்று நான்கு முறை கணக்குப் பார்க்கும் நம் வியாபாரச் சகோதரர்கள், இரவில் கைப்பேசியைத் திறந்து, யார் வெளியிட்டார்கள் என்றே தெரியாத நாணயத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். மீம் காயின் என்று அதற்குப் பெயர். இளைஞர்களோ இதையே தொழில் என்கிறார்கள்!

இதன் மூலவர் டோஜ்காயின். 2013 டிசம்பரில் பில்லி மார்கஸ், ஜாக்சன் பால்மர் என்ற இருவர் ஒரு நாயின் படத்தைப் போட்டு, கேலிக்காக என்று சொல்லியே வெளியிட்டார்கள். அந்த அளவில் அவர்கள் நேர்மையானவர்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த நேர்மையும் இல்லை. 2021இல் புகழ்பெற்ற ஒரு கொரியத் தொடரின் பெயரில் 'ஸ்குவிட்' நாணயம் வந்தது. வாங்க முடிந்தது, பெரும்பாலோருக்கு விற்க முடியவில்லை. நவம்பர் 1ஆம் தேதி 2,800 டாலரைத் தொட்ட விலை சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்தது. நடத்தியவர்கள் சுமார் 33 லட்சம் டாலருடன் மறைந்தார்கள்.

முகவரி இல்லாதவர்கள்தானே ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரி 17 அன்று, பதவியேற்க மூன்று நாள் இருக்கையில், டிரம்ப் தன் பெயரில் நாணயம் வெளியிட்டார். திட்டமிட்ட மொத்தம் 100 கோடி. அதில் 80 கோடி அவரைச் சார்ந்த நிறுவனங்களுக்கு! இரண்டே நாளில் 70 டாலரைத் தாண்டிய விலை, ஏப்ரலில் பத்து டாலருக்கும் கீழே கிடந்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 14 அன்று, அர்ஜென்டினா அதிபர் மிலே 'லிப்ரா' என்ற நாணயத்தைப் பரிந்துரைத்தார். சில மணி நேரத்தில் அது சரிந்தது. அவர் தன் பதிவை நீக்கிவிட்டார். போட்டவர்களின் பணத்தை யார் மீட்டுத் தருவது?

சூட்சுமம் எளிது. நாணயத்தை உருவாக்க ஆகும் செலவு சொற்பம். பெரும்பங்கை உருவாக்கியவர்களே வைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சத்தை மட்டும் சந்தையில் விட்டு, தங்கள் ஆட்களே ஒருவருக்கொருவர் விற்று வாங்கி விலையை ஏற்றுகிறார்கள். ஏறுவதைப் பார்த்து வெளியாட்கள் ஓடிவருகிறார்கள். கல்லா நிறைந்ததும் கையிருப்பை மொத்தமாகத் தள்ளிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையேற்றிக் கேட்கும் இந்தத் தந்திரத்துக்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைச் சந்தையிலேயே தடுத்தார்கள். ஏலக்கடை வைத்திருப்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிட்காயின் கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தோனேசியாவின் உலமா சபை 2021இல், கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. சரக்காக விற்பதற்கும் அதன் பின்னால் ஒரு சொத்தும் தெளிவான பயனும் இருக்க வேண்டும் என்றது. நாய்ப் படத்தின் பின்னால் என்ன சொத்து இருக்கிறது? விளம்பரத்தில் 'ஹலால்' என்று எழுதிவிட்டால் சூதாட்டம் வியாபாரமாகிவிடுமா?

நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் ஒரு லட்சம் லாபம், மற்றொன்றில் ஒரு லட்சம் நட்டம் என்றால் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனால் வரி 30 ஆயிரம் கட்ட வேண்டும்! அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைய அதிகாரிகளோ 2025 பிப்ரவரியில், இவை பங்குப் பத்திரங்களே அல்ல, அந்தச் சட்டப் பாதுகாப்பு வாங்குவோருக்கு இல்லை என்று கைகழுவிவிட்டார்கள்.

வீட்டு நகையை அடகு வைத்து இதில் போட்டுவிட்டு, வெளியே சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் நம் தெருவிலும் இருக்கலாம். அவர்களை ஏளனம் செய்யாதீர்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேலும் கடன் வாங்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர் சங்கத்தாரும் இளைஞர்களைக் கூட்டி, விவரம் தெரிந்த ஒரு கணக்காளரை அழைத்து ஒரு மாலை பேச வைக்கலாமே!