மோட்டார் மேல பழி போடாதீங்க

பங்குனி வெயில், கடலை காய் பிடிக்கிற நேரம். போர் மோட்டார் காயில் கருகிப் போச்சு. மேலே ஏத்தி, காயில் கட்டி, திரும்ப இறக்க எட்டு நாள். பாதிச் செடி வாடிருச்சு.

"மோட்டார் சரியில்லை"ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. ஒரு மாசமாவே ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிட்டு இருந்தது. என்னன்னு பார்க்காம, ஓவர்லோடு ரிலேயைக் கூட்டி வச்சு ஓட்டினது நான்தான். அப்புறம் பெட்டியைத் திறந்தா, காண்டாக்ட் பாயிண்ட் கரி பிடிச்சு, நடுவுல ஒரு பல்லி செத்துக் கிடக்கு! ஒரு பேஸ் சரியாப் போகாம, மத்த ரெண்டும் சேர்ந்து இழுத்திருக்கு.

மாடு தீனி எடுக்கலைன்னா அன்னிக்கே பதறுறோம். ட்ரிப் ஆனா மட்டும் ஸ்டார்ட்டரைத் திட்டுறோம். உங்க அபார்ட்மெண்ட் மோட்டாருக்கும் இதே கதைதான். மாசம் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வச்சு மெயினை அணைச்சுப் பெட்டியைத் துடைங்க, லூசான ஸ்குரூவை முறுக்குங்க. ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு எழுதி வைங்க.

இப்போ பெட்டிச் சாவி என் மககிட்ட இருக்கு. என்னைத் தொட விடமாட்டேங்கிறா.