அபிமானப் பைத்தியமும் ஹாஸ்யப் படமும்

பைத்தியங்களில் பல தினுசு உண்டு. பணப் பைத்தியம், பட்டப் பைத்தியம், சங்கீதப் பைத்தியம், சீட்டாட்டப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே போனால் ஜாபிதா முடிவு பெறாது. இவற்றுள் ஒன்றேனும் பிடிக்காத மனிதர் யாராவது இருந்தால், அவரிடம் நாம் சற்று எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும். எதன்மேலும் பிரியமில்லாதவருக்கு நம்மேல் மட்டும் எங்கிருந்து பிரியம் வரும்?

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது கதைப் பைத்தியம். கதை கேட்பதில் எல்லோருக்கும் உள்ள சாதாரண ஆசையை இங்கே சொல்லவில்லை. ஒரு கதைக்குள் நுழைந்தவர்கள், வெளியே வர மனமில்லாமல் அங்கேயே குடியேறி விடுகிறார்களே, அதைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் இவர்களைப் பரிகாசமாகக் 'கீக்' என்பார்கள். நாம் மரியாதையாக 'அபிமானிகள்' என்றே அழைப்போம்.

பள்ளிக்கூடத்தில் இந்த ஜாதியை அடையாளம் கண்டுகொள்வது எளிது. அசோகர் பட்டமேறிய வருஷத்தைக் கேட்டால் கூரையைப் பார்க்கும் பையன், தனக்குப் பிரியமான கிரிக்கெட் ஆட்டக்காரர் எந்த ஊரில் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அவனுடைய ஞாபக சக்தியில் குறைவொன்றும் இல்லை. ஞாபகம் என்பது பிரியத்தின் பின்னால் போகிற கன்றுக்குட்டி, அவ்வளவுதான்.

இந்த அபிமானத்தின் வலிமையை அமெரிக்க வியாபாரிகளுக்கு நன்கு உணர்த்திய கதை 'ஸ்டார் டிரெக்'. நட்சத்திர மண்டலங்களினூடே கப்பல் செலுத்தும் ஒரு கூட்டத்தாரின் கதை அது. 1966-ல் டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. இரண்டாவது வருஷத்தோடு நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பவே, அபிமானிகள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். கதை மூன்றாவது வருஷமும் நடந்தது. 1969-ல் கதை நின்றது, அபிமானம் நிற்கவில்லை. 1972 ஜனவரியில் நியூயார்க் நகரில் ஒரு மகாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 3,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள்.

பிறகு 1977-ல் ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' வெளிவந்தது. அதன் அபிமானிகள் முன்னவர்களையும் தோற்கடித்தார்கள். 1998 நவம்பரில், அடுத்த வருஷம் வரவிருந்த புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் சிறு துண்டொன்றை வேறு படங்களுக்கு முன்னால் விளம்பரமாகக் காட்டினார்கள். முழு டிக்கட் வாங்கி உள்ளே போய், அந்தத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு, படம் ஆரம்பிக்குமுன் எழுந்து வந்தவர்கள் பலர். பந்தியில் உட்கார்ந்து ஊறுகாயை மட்டும் ருசித்துவிட்டு இலையை மடித்த கதைதான்!

இப்படிப்பட்டவர்களைக் கண்டால் சிரிக்காமல் இருக்க முடியுமா? முடியாது, முடியவும் வேண்டாம். ஆனால் சிரிப்பில் இரண்டு வகை உண்டு. தெருவில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. கூடத்தில் கூட உட்கார்ந்து சிரிப்பது மற்றொன்று. 1986-ல் அமெரிக்க டெலிவிஷன் ஹாஸ்ய நாடகம் ஒன்றில், 'ஸ்டார் டிரெக்' கப்பலின் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னரே தோன்றி, மகாநாட்டுக்கு வந்த அபிமானிகளைப் பார்த்து, இதையெல்லாம் விட்டுவிட்டு வாழ்க்கையைக் கவனியுங்கள் என்று வெளுத்து வாங்கினார். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அது ஜன்னல் சிரிப்பு.

கூடத்துச் சிரிப்பைப் படமாக்குவதற்குக் கூடத்திலிருப்பவனே காமிராவை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவர்களில் கெவின் ஸ்மித் என்பவரைப் பற்றி நம் வாசகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். நியூ ஜெர்ஸி மாகாணத்தில் லியோனார்டோ என்ற சிற்றூரில், பாலும் ரொட்டியும் சிகரெட்டும் விற்கும் 'குவிக் ஸ்டாப்' என்ற கடையில் அவர் குமாஸ்தா. சித்திரக் கதைப் புத்தகங்களைச் சேர்ப்பதில் பித்துக் கொண்டவர். சினிமாப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்து சில மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார். பிறகு, அருமையாகச் சேர்த்திருந்த சித்திரக் கதைகளில் பெரும் பகுதியை விற்றார். கடன் அட்டைகளில் கிடைத்த மட்டும் கடன் வாங்கினார். இப்படித் திரட்டிய 27,575 டாலரில் 'கிளார்க்ஸ்' என்ற படத்தை எடுத்தார்.

எடுத்த விதந்தான் ரஸமானது. பகலில் கடையில் வேலை. இரவில் கடை மூடிய பிறகு அதே கடையில் படப்பிடிப்பு. ஆனால் கதையோ பகலில் நடக்கிறது. வெளியே இருட்டாயிருப்பது ஜன்னல் வழியே தெரிந்துவிடுமே, என்ன செய்வது? பூட்டுத் துவாரத்தில் யாரோ போக்கிரி மெல்லும் பசையை அடைத்துவிட்டதால் இரும்புக் கதவைத் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார்! கடை திறந்துதான் இருக்கிறது என்று பூட்ஸ் பாலிஷினால் துணியில் எழுதி வெளியே தொங்கவிடும் காட்சி அதனால் கிடைத்தது. படத்தின் சிறந்த ஹாஸ்யங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. பணமில்லாதவனுக்குப் புத்தி துணை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

படத்தில் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கப்பட்ட குமாஸ்தா ஒருவனும், பக்கத்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் சிநேகிதனும் நாள் முழுவதும் பேசுகிறார்கள். 'ஸ்டார் வார்ஸ்' கதையில் எதிரிகள் கட்டிக்கொண்டிருந்த ராட்சச விண்கோட்டை ஒன்று, வேலை முடிவதற்குள் வெடித்துச் சிதறுகிறதல்லவா? அதற்குள் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனும் குழாய்க்காரனும் என்ன பாவம் செய்தார்கள் என்று ஒரு விவாதம் எழுகிறது. கடைக்கு வந்த கூரை வேலைக்காரர் ஒருவர், எந்த எஜமானனிடம் வேலை ஒப்புக்கொள்வது என்பதைத் தொழிலாளியே யோசித்துக்கொள்ள வேண்டும் என்று தம் அநுபவத்திலிருந்து தீர்ப்புச் சொல்லுகிறார். அபிமானிகளின் வீண் பேச்சு என்று நாம் ஒதுக்குவதற்குள் அது தர்ம விசாரமாக மாறிவிடுவதைக் கவனியுங்கள்!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பிறர் சொத்தான கதையைப் படத்தில் காட்டுவதானால் அநுமதி வேண்டும். அதைப் பற்றி இரண்டு குமாஸ்தாக்கள் பேசிக்கொள்வதற்கு யார் அநுமதியும் வேண்டாம். ஏழைப் படக்காரனுக்குப் பேச்சைப் போல் மலிவான சரக்கு வேறு இல்லை.

1994 ஜனவரியில் சன்டான்ஸ் படவிழாவில் 'கிளார்க்ஸ்' பரிசு பெற்றது. பிறகு 30 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. 2019-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் வரிசையில் அதைச் சேர்த்துக்கொண்டது. இத்தனை சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் செய்வது நம் கடமை. படத்தில் அடிதடி அதிகம் கிடையாது. ஆனால் பேச்சு படு மோசம். பேச்சுக்காக மட்டுமே அந்நாட்டுத் தணிக்கைக் குழுவினர் முதலில் அதற்கு மிகக் கடுமையான முத்திரை இட்டார்கள். அப்பீலில்தான் அது தளர்ந்தது. ஆகவே குழந்தை குட்டிகளுடன் உட்கார்ந்து பார்க்கத் தக்க படமன்று.

நிற்க. அந்தப் படத்துக்கு முதலில் வைத்திருந்த முடிவு வேறு. நாள் முழுவதும் அலுத்துக்கொண்டே வேலை செய்த குமாஸ்தாவை, இரவில் ஒரு திருடன் வந்து சுட்டுக் கொன்றுவிடுகிறான்! அநுபவஸ்தர்கள் சிலர் சொன்ன யோசனையைக் கேட்டு ஸ்மித் அதை வெட்டி எறிந்தார். நல்ல காரியம் செய்தார். அந்தச் சாவு கதையில் முளைத்ததன்று. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று கேளுங்கள். எர்னஸ்ட் கிளைன் என்ற அபிமானி 1998-ல் ஒரு படக்கதை எழுதினார். அதுதான் பின்னால் 'ஃபேன்பாய்ஸ்' என்ற படமாயிற்று. ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த நான்கு சிநேகிதர்கள், புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தை வெளிவருமுன்பே பார்த்துவிட வேண்டுமென்று கலிபோர்னியாவிலுள்ள லூகாஸின் பண்ணைக்குள் திருட்டுத்தனமாக நுழையப் புறப்படுகிறார்கள். வழியில் 'ஸ்டார் டிரெக்' அபிமானிகளோடு கைகலப்பு. வைஷ்ணவத்தில் வடகலை, தென்கலைச் சண்டையெல்லாம் இதன் முன் எம்மாத்திரம்! 1986-ல் அபிமானிகளைத் திட்டித் தீர்த்த அதே ஷாட்னர், இதில் அவர்களுக்கு ரகசிய உதவி செய்பவராக வருகிறார். இவ்வளவும் வெறும் கூத்தாகவே போயிருக்கும். ஆனால் நால்வரில் ஒருவனுக்குப் புற்றுநோய். படம் வெளியாகும் நாள் வரையில் அவன் உயிரோடு இருக்கப் போவதில்லை.

விநியோகஸ்தருக்கு இது பிடிக்கவில்லை. சிரிக்க வருகிறவன் சாவை ஏன் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. வேறொரு டைரக்டரைக் கொண்டு சில காட்சிகளைப் புதிதாக எடுத்து, நோயே இல்லாத படம் ஒன்றைத் தயார் செய்தார்கள். செய்தி பரவியதும் அபிமானிகள் பொங்கி எழுந்தார்கள். கண்டனத்துக்குமேல் கண்டனம் பறந்தது. முடிவில் நோயாளி பிழைத்தான். அதாவது, அவன் இறப்பதற்குரிய உரிமை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது! 2006-ல் பிடித்த படம் 2009 பிப்ரவரி 6-ந் தேதிதான் வெளிவந்தது. வசூல் 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. சிரிப்பும் துக்கமும் அதில் சரியாகக் கலக்கவில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனாலும் வியாபாரி வெட்ட நினைத்த இடம் ஆணிவேர். அந்த நோயை எடுத்துவிட்டால் நான்கு தடியர்கள் பிறர் வீட்டில் புகுந்த கதைதானே மிஞ்சும்?

ஹாஸ்யப் படத்தில் துக்கம் கூடும், கூடாது என்று பொது விதி செய்வது வீண் வேலை. துக்கம் கதையின் வயிற்றிலே பிறந்ததா, தத்து எடுத்ததா என்பதுதான் கேள்வி. அதைக் கதையை நேசிப்பவன் அறிவான். கணக்குப் பார்ப்பவன் அறியமாட்டான்.

இந்தத் தகராறுக்கு வாழ்க்கையே பின்னால் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. 2015-ம் வருஷக் கடைசியில் மற்றொரு 'ஸ்டார் வார்ஸ்' படம் வெளிவர இருந்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் புற்றுநோயால் மரணத் தறுவாயிலிருந்த ஓர் இளைஞர், அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டுமென்று ஆசைப்பட்டார். முன்பின் அறியாத அபிமானிகள் பலர் அவருக்காக மன்றாடினார்கள். படத்தில் நடித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நவம்பர் மாதத்தில், முற்றுப் பெறாத நிலையிலேயே படத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சில தினங்களில் அவர் காலமானார். சிரிப்பைக் கெடுப்பது என்று விநியோகஸ்தர் வெட்டப் பார்த்த விஷயம், அச்சு அசலாக உலகத்தில் நடந்துவிட்டது.

இன்று காமிரா ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. தங்கள் தங்கள் பைத்தியத்தைப் படமாக்கத் துடிக்கும் பிள்ளைகள் நம் வாசகர் வீடுகளிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். தெரிந்த இடத்தில் எடுங்கள். இல்லாததை மறைக்காமல் கதையிலே எழுதிவிடுங்கள். கூடத்தில் உட்கார்ந்து சிரியுங்கள். எந்த இடத்தில் உங்கள் சிரிப்பு தொண்டையில் அடைக்கிறதோ, அந்த இடத்தை மட்டும் யார் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வெட்ட விடாதீர்கள்.

'ஃபேன்பாய்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில், 1999-ல் புதிய படம் திரையிடப்படும் நாளில், மிஞ்சியிருக்கும் சிநேகிதர்கள் இறந்தவனை நினைத்துக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கு அணையும் சமயத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் வருகிறது: இத்தனையும் செய்த பிறகு, படம் மோசமாக இருந்துவிட்டால்?

வாஸ்தவத்தில் அந்தப் படம் பலருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. அதனால் என்ன? அவர்கள் சேர்ந்து போன வழியைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரால் முடியும்?