மாண்டவனா மறுக்கிறான்?

கணவனை இழந்த நங்கை மீண்டும் காதல் வாழ்வு எய்துவதையும், இறந்தோர் ஆவி அதனிடையே தோன்றி உரையாடுவதையும் ஒருங்கே பின்னி எழுதப்படும் நவீனங்கள் மேனாட்டில் மலிந்திருக்கின்றன. 1945-ஆம் ஆண்டில் வெளிவந்து, 1947-இல் சினிமாப் படமாகவும் எடுக்கப்பெற்ற 'ஆவியும் மிஸஸ் மியூரும்' என்னும் ஆங்கிலக் கதை அவற்றுள் பெயர் பெற்றது. கடற்கரை வீடொன்றில் குடியேறும் கைம்பெண்ணுக்கும், அவ்வீட்டில் உறையும் கப்பல் தலைவனின் ஆவிக்கும் இடையே முளைக்கும் நேசமே அதன் பொருள். உயிருள்ள ஆடவனோ அவளை ஏமாற்றுகிறான். ஆவியுடன் அவள் கூடுவதோ தானும் உயிர் நீத்த பின்னரே. சுதந்திரம் பேசும் மேனாட்டுக் கற்பனையும் கைம்பெண்ணுக்கு ஓர் ஆவியை அளித்ததேயன்றி, நல்லான் ஒருவனை அளிக்கத் துணியவில்லை!

நமக்கும் இது புதிதன்று. கோவலனை இழந்த கண்ணகி, பதினான்கு நாள் கழித்து மலைமேல் வேங்கை நிழலில் நின்றபோது, வானவரோடு வந்த கணவனுடன் விமானமேறிச் சென்றாள் என்று சிலப்பதிகாரம் கூறும். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரின் தலவரலாறோ வேறொன்று சொல்லும். மதுரையை எரித்த கண்ணகியே சினந்தணிய அவ்வூருக்கு வந்தாள். அங்கே மந்திரவாதி ஒருவன் செல்லியம்மனைத் தன் கட்டுக்குள் வைத்து ஏவல் கொண்டிருந்தான். வந்தவள் அவனை அழித்து, மதுரகாளியாக அமர்ந்தாள் என்பது ஐதிகம். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் அச்சந்நிதியில் ஜனங்கள் திரள்கின்றனர். கணவனை இழந்தவளைத் தெய்வமென்று தொழுதுவிட்டு வீடு திரும்பும் நாம், நம் வீட்டுக் கைம்பெண் கலியாணப் பந்தலில் முன்னே வந்தால் முகஞ்சுளிக்கின்றோம். இஃது என்ன பக்தி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற சிற்றூர்களிலும், இளங்கைம்பெண்ணின் மறுமணப் பேச்சு எழுந்தால் முதியோர் ஒரு சொல்லால் வாயடைப்பதுண்டு: "செத்தவன் சும்மா விடமாட்டான்." மாண்ட கணவனின் ஆவி புதுக்கணவனைத் தீண்டுமாம், குழந்தைகளை வாட்டுமாம். ஆவி உண்டா, இல்லையா என்னும் வாதத்தில் நாம் இறங்க விரும்பவில்லை. உண்டென்றே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்போம்.

மனைவியை இழந்த ஆடவன் மறுமணம் செய்யும்போது நிகழ்வது யாது? தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், சுமங்கலியாக இறந்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கிக் கும்பிடும் வழக்கம் உண்டு. இளையாள் வருமுன் மூத்தாளுக்குப் படையலிட்டு, புதுப்புடவையும் பூவும் வைத்து வணங்குவர். அவளும் மனங்குளிர்ந்து ஆசி கூறிவிடுகிறாள், மேளம் கொட்டுகிறது. ஒரு புடவைக்கு ஒரு பெண்ணின் ஆவி சாந்தமடையுமாயின், ஒரு வேட்டிக்கு ஓர் ஆணின் ஆவி சாந்தமடையாதா? மனைவிக்குப் படையல் விதித்த பெரியோர், கணவனுக்கும் அதனை விதிக்க ஏன் மறந்தனர்? விடை வெளிப்படை. தடுப்பவன் மாண்டவன் அல்லன், உயிரோடிருக்கும் நாமே. நமது விருப்பமின்மைக்கு ஆவியின் பெயரைச் சூட்டியிருக்கின்றோம்.

இத்தடை தமிழர் அனைவர்க்கும் தொன்று தொட்டதென்பாரும் உளர். அஃது உண்மையன்று. முன்கட்டிய தாலியை அறுத்து மறுதாலி கட்டும் 'அறுத்துக்கட்டு' முறை நம் சமூகங்கள் பலவற்றில் வழங்கி வந்தது. மேல்சாதி என்று மதிக்கப்பெற விழைந்தோர், தம் பெண்டிர்க்கிருந்த அவ்வுரிமையைப் பறிப்பதையே உயர்வென்று கொண்டனர். இருந்த விடுதலையை இழந்து பெற்ற மதிப்பு என்ன மதிப்பு?

ஆவிக்குப் பின்னே காணியும் ஒளிந்திருக்கிறது. 1856-ஆம் வருஷத்து விதவா விவாகச் சட்டம், ஈசுவர சந்திர வித்யாசாகரரின் பெருமுயற்சியால் பிறந்தது. அது மறுமணத்துக்கு அனுமதி அளித்ததாயினும், மணம்புரிபவள் முதற்கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் அதன் இரண்டாம் பிரிவு விதித்தது. ஒரு கையால் தாலியைக் கொடுத்து, மறுகையால் நிலத்தைப் பறித்தது அச்சட்டம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு ஆயுட்கால உரிமை நல்கியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் முழு உரிமை நல்கியது. பழைய 1856-ஆம் வருஷத்துச் சட்டம் 1983-இல் நீக்கப்பெற்றது. கணவன் இறந்தபோது தனக்கு வந்தெய்திய பங்கை, மறுமணம் புரிந்தாள் என்பதற்காக ஒருத்தி இன்று இழக்க வேண்டுவதில்லை. ஆயினும், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசற் காட்டில் இரண்டு ஏக்கர் கைவிட்டுப் போகுமோ என்றஞ்சும் பங்காளிகள், சட்டத்தை மறைத்து ஆவியைக் காட்டுகின்றனர்.

1956 நவம்பர் 23-இல் அரியலூரருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று மந்திரி பதவி துறந்தார் லால் பகதூர் சாஸ்திரி. தேசம் அவரைப் போற்றியது, மறு ஆண்டே மந்திரி சபைக்கு அழைத்தது, 1964-இல் பிரதமராக்கியது. நன்று செய்தது. பிழை செய்யாத பெரியோர் ஒருவர்க்கு இரண்டாம் வாழ்வளிக்க அறிந்த நாடு, பிழையே அறியாத பேதைப்பெண்ணுக்கு அதனை அளிக்கத் தயங்குவது நியாயமாகுமா?

கைம்பெண் ஒவ்வொருத்தியும் மணம்புரிந்தே தீரவேண்டும் என்பது நம் கட்சியன்று. கண்டராதித்த சோழரை இழந்த செம்பியன் மாதேவியார் பல்லாண்டுகள் வாழ்ந்து, கற்றளிகள் பல எழுப்பினார். அவர் புகழ் குன்றவில்லை. மாண்டவன் நினைவையே துணையாகக் கொள்பவளை மதிப்போம். புதிய துணையை நாடுபவளையும் அவ்வாறே மதிப்போம். தேர்வு அவளுடையதாகுக, ஊராருடையதாகவோ பங்காளிகளுடையதாகவோ ஆகற்க. பழைய அன்பு பொய்யானால்தான் புதிய அன்பு மெய்யாகும் என்பதும் இல்லை. நெஞ்சில் இரண்டுக்கும் இடமுண்டு.

தேசத்தொண்டர்காள்! கொள்ளிடத்துக்கு அப்பால் திருவையாற்றில் 1855-இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் சுதேசமித்திரனைத் தோற்றுவித்தவர்; 1885-இல் காங்கிரஸின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். அவரே 1889-இல், காங்கிரஸ் கூடிய காலத்துப் பம்பாயில், இளமையிலேயே கைம்மையுற்ற தம் மகள் சிவப்பிரியாவுக்கு மறுமணம் செய்வித்தார். உறவினர் விலகினர், அவர் கலங்கினாரில்லை. மேடையில் கேட்ட விடுதலையை வீட்டிலும் கொடுத்த வீரர் அவர். தமிழக அரசின் மறுமண உதவித் திட்டம் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் 1975 முதல் நடந்து வருகிறது. சட்டம் உண்டு; உதவி உண்டு; குறைவது நமது நெஞ்சுரமே. கைம்பெண்ணுக்குச் சட்டத்தை எடுத்துரையுங்கள். அவள் மணத்துக்கு முன்வரிசையில் சென்று அமருங்கள். உங்கள் வீட்டு இளைஞன் அத்தகையாளை விரும்பினால் வாழ்த்துங்கள். ஆவிக்கு அஞ்சுவோர் ஒரு வேட்டியை வைத்துப் படையலிடட்டும்.

மந்திரவாதியின் கட்டை அறுத்த காளியைக் கும்பிடும் நாட்டில், பெண்ணைக் கட்டிவைத்திருக்கும் பொய் மந்திரம் இனியும் செல்லலாகாது.