'எங்கள்' என்றால் யார் யார்?

உண்மையாய் ஜெபிக்க வேண்டும், உருகி ஜெபிக்க வேண்டும் என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்கிறார்கள். உண்மையான ஜெபத்துக்கு அளவுகோல் எது? கண்ணீரா? முழங்கால் தேய்வதா? ராத்திரி முழுக்க விழித்திருப்பதா?

இவைதான் அளவுகோல் என்றால் வடக்கன்குளத்து ஜெபத்தில் குறையே சொல்ல முடியாது. நெல்லைச் சீமையின் அந்த ஊரில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கால்கள். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார் முதலானோர். நடுவே சுவர். இரண்டும் சேருமிடத்தில் பீடம். கால்சட்டைக் கோயில் என்றே பெயர் விழுந்தது. சாமியாருக்கு இரு பக்கமும் தெரியும். சனங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910இல் சுவரை இடித்தார்கள். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள்.

சுவரின் இருபுறமும் சொன்னது இயேசு கற்பித்த அதே ஜெபத்தைத்தான். அதில் கடவுளைக் கூப்பிடும்போதே 'எங்கள்' என்று வருகிறது, 'என்' இல்லை. பக்கத்தில் நிற்கிற சனம் அந்த 'எங்க'ளுக்குள் வராவிட்டால் ஆரம்பமே பொய். அப்புறம் எத்தனை சொட்டுக் கண்ணீர் விட்டு என்ன? நான் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவன். செக்கில் எவ்வளவு பெரிய தொகை எழுதினாலும் கணக்கில் பணம் இல்லையென்றால் திரும்பிவிடும்.

கதவைச் சாத்திக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னாரே இயேசு, அதற்குள் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். ஊர் பார்க்க ஜெபிக்கிற பகட்டுக்கு எதிராக அவர் சாத்தச் சொன்னது அறைக்கதவை. கோயிலுக்குள் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. அதே மலைப்பிரசங்கத்தில், மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், இன்னொன்றும் சொல்கிறார்: பீடத்துக்கு வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். மனத்தாங்கல் யாருக்கு? அடிபட்டவனுக்கு. எழுந்து போகவேண்டியது யார்? பீடத்தின் முன் நிற்கிறவன். நம் சனத்தைப் பார்த்து 'மன்னிச்சு மறந்திருங்க' என்று உபதேசிக்கிறவர்கள் இதைத் தலைகீழாய்ப் படிக்கிறார்கள்.

பழங்கதை இல்லை இது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது ஜெபத்தின் பாதி. எழுந்து போவது மறுபாதி.

ஜெபமே ஏமாற்று என்று ஒதுங்குகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சேரிக் கோயிலில் நம் அம்மாக்கள் 'எங்கள்' என்னும்போது யாரையும் வெளியே தள்ளுவதில்லை. கேலி பண்ணாதீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே பந்தியிலும் பங்குப் பேரவையிலும் கல்லறையிலும் இடம் கேட்போம்.